‘ஆம்’ என்று எழுதிய தொழிற்சாலை

‘இல்லை’ என்று எழுதினால் பச்சை, ‘ஆம்’ என்று எழுதினால் சிவப்பு. எங்கள் அலுவலகத்து எக்செல் கோப்பு ஒன்று அப்படித்தான் வேலை செய்தது. இங்கிலாந்தில் தோட்ட வேலி செய்து விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மரம், ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், கான்கிரீட் தூண், மூங்கில் திரை, தரைக்குப் பாவும் கல் என்று எல்லாவற்றையும் யாரிடமாவது வாங்குகிறோம். வாங்குகிற எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கேள்விப் படிவம் போகும். கட்டாய உழைப்பு உண்டா? இல்லை. தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டை நிர்வாகம் பிடித்து வைத்திருக்கிறதா? இல்லை. வேலைக்குச் சேர யாராவது தரகருக்குப் பணம் கட்டினார்களா? இல்லை. பெரும்பாலானவர்கள் சில நிமிடங்களில் நிரப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். போன ஆண்டின் படிவத்தையே தேதியை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. திரை முழுவதும் பச்சையாகிவிட்டால் இயக்குநர் கையெழுத்துப் போடும் அறிக்கையில் ‘எங்கள் விநியோகச் சங்கிலியில் நவீன அடிமைத்தனம் கண்டறியப்படவில்லை’ என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு முறை, தைவானின் காவ்சியுங் பகுதியில் இருக்கும் ஒரு திருகாணித் தொழிற்சாலை, தரகர் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, கூடவே இரண்டு பக்கக் கடிதமும் அனுப்பியிருந்தது. தங்களிடம் வேலை செய்யும் வியட்நாம் தொழிலாளர்களிடம் விசாரித்ததாகவும், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பலர் தரகர்களுக்குப் பெரிய தொகை கட்டியிருப்பது தெரிந்ததாகவும், அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு திட்டம் போட்டிருப்பதாகவும், அதற்குச் சில பருவங்கள் ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள். கோப்பு அவர்களைச் சிவப்பாக்கியது. ‘மாற்று சப்ளையரைப் பரிசீலிக்கவும்’ என்று பக்கத்துக் கட்டத்தில் தானாக ஒரு வரி விழுந்தது. அந்த வரியைப் பற்றித்தான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் படிவம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தில் 54-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் சப்ளையர்களிடத்திலும் அடிமைத்தனம் நடக்காமலிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். நாங்கள் அந்த வரம்புக்குக் கீழே. ஆனால் எங்களிடம் வாங்கும் பெரிய கடைகளும் வீடு கட்டி விற்கும் நிறுவனங்களும் அதற்கு வெகு மேலே. அவர்கள் எங்களைக் கேட்கிறார்கள், நாங்கள் எங்களுக்குக் கீழே இருப்பவர்களைக் கேட்கிறோம். சட்டத்தின் வேடிக்கை என்னவென்றால், ‘நாங்கள் எதுவுமே செய்யவில்லை’ என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாக எழுதினாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். அப்படி எழுதும் துணிச்சல் யாருக்கு இருக்கும்? எல்லோரும் எதையாவது செய்ததாக எழுதுகிறார்கள். செய்ததற்குச் சாட்சியாகப் படிவங்கள் குவிகின்றன.

எங்கே தேடினோம்

படிவத்துக்கு முன்னால் ஒரு வரைபடம் உண்டு. எந்த நாட்டிலிருந்து வாங்குகிறோமோ அந்த நாட்டுக்கு ஓர் ஆபத்து மதிப்பெண். அந்தக் கணக்கில் எங்கள் கவலை முழுவதும் இரண்டு பொருள்களின் மேல் இருந்தது. ஒன்று ராஜஸ்தான் மணற்கல். வேலி வாங்க வருகிறவர் அதன் கீழே பாவக் கல்லும் கேட்பார் என்பதால் அதையும் விற்கிறோம். கோட்டா, பூந்தி மாவட்டங்களிலிருந்து வரும் இந்தக் கல் இங்கே ஏராளமான வீடுகளின் பின்கட்டில் கிடக்கிறது. ஏற்றுமதியாளரின் கொட்டகைக்குப் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தலைக்கவசம், முகக்கவசம், வருகைப் பதிவேடு என்று தணிக்கையாளர் பார்க்க விரும்பும் எல்லாமே அங்கே உண்டு. கல் அந்தக் கொட்டகையில் பிறப்பதில்லை. அதற்குப் பின்னால் குவாரி, குவாரிக்குப் பின்னால் வாசலில் உட்கார்ந்து சின்னச் சதுரக் கல்லாக உடைத்துத் தரும் குடும்பங்கள். பூந்தியின் புத்புரா பகுதியில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் கல் உடைத்தது பலமுறை பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கைக் கூலி, சிலிக்கா தூசி, நுரையீரல் போன பிறகு மருத்துவத்துக்கு வாங்கிய கடன், கடனை அடைக்க மறுபடியும் முன்பணம். முன்பணம் ஒரு குடும்பத்தை எப்படிக் கட்டிப்போடும் என்று தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

இன்னொன்று பிவிசி. பிளாஸ்டிக் வேலிக்கும் வாயிற்கதவுக்கும் அதுதான் மூலப்பொருள். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்களை அரசுத் திட்டங்களின் பேரில் வேலைக்கு அனுப்பும் தொழில்களில் பிவிசி உற்பத்தியும் இருப்பதை ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் விரிவாக எழுதினார்கள். அமெரிக்கா 2024-இல் தன் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பிவிசியைச் சேர்த்தது. பலகை வார்ப்பதற்கான பிவிசி பிசின் எங்கே தயாரானது என்று எங்கள் சப்ளையரிடம் கேட்டால் பலகையை வார்த்தெடுக்கும் ஆலையின் முகவரி வரும். பிசின் ஆலை எது என்று மறுபடி கேட்டால் பதில் வர வாரங்கள் ஆகும்.

மரத்தைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படவில்லை. சான்றிதழ் இருக்கிறது என்ற தைரியம். காட்டைப் பொறுப்போடு பராமரித்து வெட்டிய மரம் என்று சான்று தரும் எஃப்எஸ்சி முத்திரை தொழிலாளர் உரிமைகளையும் பார்க்கிறது என்றுதான் எங்களில் பலர் நம்பிக்கொண்டிருந்தோம். காட்டிலிருந்து கடை வரை மரம் கைமாறும் சங்கிலிக்கான அதன் விதிகளில், கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு பற்றிய அடிப்படைத் தொழிலாளர் நிபந்தனைகள் முறையாகச் சேர்ந்தது 2021-இல்தான். அதுவும் மரத்துக்கு மட்டும். பலகையைத் தூணோடு பிடித்து நிறுத்தும் ஆணிக்கும் திருகாணிக்கும் அந்த முத்திரையில் இடமில்லை.

தைவானுக்கு வரைபடத்தில் நல்ல மதிப்பெண். ஜனநாயகம், வலுவான சட்டங்கள், ஒழுங்கான ஆலைகள். உலகத்துக்குத் திருகாணி செய்து தரும் ஊர்களில் காவ்சியுங்கின் காங்ஷான் பகுதி பெரியது. அந்த ஆலைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் வியட்நாம், இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாட்டவர் கணிசம். வியட்நாமிலிருந்து கிளம்பும் ஒருவர் பல ஆயிரம் டாலர் கட்டிவிட்டு வருவது அங்கே சாதாரணம். அதை நிலத்தை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கட்டுகிறார்கள். வந்து சேர்ந்த பிறகு தைவான் தரகருக்கு மாதாமாதம் சேவைக் கட்டணம். முதல் ஆண்டு 1,800 தைவான் டாலர், இரண்டாம் ஆண்டு 1,700, மூன்றாம் ஆண்டிலிருந்து 1,500 வரை வாங்கிக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. முன்பெல்லாம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும் என்ற விதி இருந்தது. திரும்பி வரத் தரகருக்கு மீண்டும் பணம். 2016-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நினைத்தபடி முதலாளியை மாற்றிக்கொள்ள மட்டும் இன்னும் முடியாது. கடன் தலைக்கு மேல் இருக்கும்போது, வேலையை விட்டால் ஊருக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில், மேற்பார்வையாளர் ‘இன்றைக்கு இன்னும் நாலு மணி நேரம் நில்’ என்றால் யார் மறுப்பார்கள்? பூட்டும் வேண்டாம், காவலாளும் வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-இலேயே கட்டாய உழைப்பை வரையறுத்தபோது, தண்டனை பயத்தின் பேரில், தானாக முன்வராத ஒருவரிடம் வாங்கும் வேலை என்றுதான் சொன்னது. அந்த அமைப்பு தொகுத்த பதினொரு அறிகுறிகளில் கடன்பிணைப்பும் உண்டு, அளவுமீறிய மிகைநேர வேலையும் உண்டு.

அந்தக் கூட்டம்

சிவப்பு வந்ததும் கூட்டம் கூடியது. நிதிப் பொறுப்பாளர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை: “நாளைக்கு நம்மிடம் வாங்குகிற பெரிய கடை இந்தப் பட்டியலைக் கேட்கும். இவர்களை வைத்துக்கொண்டு நாம் என்ன பதில் சொல்வது? அதே ஊரில் இன்னொரு சப்ளையர் இருக்கிறார், அவருக்கு எல்லாமே பச்சை. ஆர்டரை அங்கே மாற்றிவிடுங்கள்.” எல்லோரும் தலையாட்டினோம். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முற்றத்தை நடத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மரம் இறக்குவது, மருந்தேற்றும் தொட்டி, லாரி ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூட்டங்களில் வாய் திறக்கவே மாட்டார். அன்று கேட்டார்: “அந்தப் பச்சைக்காரர் ஆலைக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள்?” யாருக்கும் தெரியவில்லை. “அதே ஊர் என்றால் அதே தரகர்களாகத்தானே இருப்பார்கள்?” என்றார். பிறகு தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பச்சைக்காரரை வீடியோ அழைப்பில் பிடித்தோம். மறைக்கும் முகமாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் தொழிலாளர்கள் தரகருக்குப் பணம் கட்டுகிறார்களா என்று கேட்டதும், “ஆமாம், மாதாந்திரக் கட்டணம், சட்டப்படி” என்று உடனே சொன்னார். வியட்நாமில் என்ன கட்டினார்கள் என்றால், அது அங்கே நடப்பது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். படிவத்தில் ‘இல்லை’ என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டபோது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. சட்டவிரோதமான கட்டணம் உண்டா என்று கேட்பதாகத்தான் எடுத்துக்கொண்டேன், அது இல்லையே என்றார்.

ஆக அவர் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பச்சைக் கட்டங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒரே தொழிற்பேட்டை, அநேகமாக ஒரே தரகர் கூட்டம், ஒரே மாதிரிக் கடன். ஓர் ஆலை தன் ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை. கேட்டவரிடமிருந்து ஆர்டரைப் பறித்துக் கேட்காதவரிடம் கொடுக்கவிருந்தோம், அதையும் அடிமைத்தனத் தடுப்பு என்ற தலைப்பில். கேட்ட ஆலை அடுத்த ஆண்டு நிச்சயம் கேட்டிருக்காது. பக்கத்து ஆலைகளுக்கும் செய்தி போயிருக்கும்.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதும் சப்ளையரைவிட, எங்கே சரியில்லை என்று எழுதும் சப்ளையரை நம்பலாம். இதை ஒரு விதியாக்கிவிட முடியாது என்பதும் தெரியும். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, அடிக்கவும் செய்துவிட்டு, ‘ஆம், சரிசெய்துகொண்டிருக்கிறோம்’ என்று எழுதுகிறவரிடம் வாங்கிக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. ஆனால் திருத்திக்கொள்கிறேன் என்று ஆதாரத்தோடு வருகிறவரை விட்டு ஓடினால் அந்தத் தொழிலாளிக்குக் கிடைப்பது வேலை இழப்பும் அடையாத கடனும்தான்.

படிவத்தின் அந்தக் கேள்வியை மாற்றி எழுதினோம். கிராமத்திலிருந்து ஆலை வாசல் வரை யாருக்கு யார் எவ்வளவு கட்டினார்கள், கட்டியதற்கு ரசீது உண்டா, அந்தச் செலவு இறுதியில் யார் தலையில் விழுந்தது. ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுத முடியாத கேள்வி. வண்ணங்களை எடுத்துவிட்டோம். நிதிப் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை, ஒரு பார்வையில் புரிய மாட்டேன் என்கிறது என்றார்கள். புரியாமலே இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

வாசலுக்கு உள்ளே

காவ்சியுங் தூரத்து ஊர். எங்கள் முற்றம் ஜன்னலுக்கு வெளியே. வசந்த காலத்தில் வேலி விற்பனை ஏறும்போது ஏஜென்சி மூலம் ஆட்கள் வருவார்கள். அப்படி ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கான உரிமத்துக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 2004 பிப்ரவரி 5 இரவு இங்கிலாந்தின் வடமேற்கே மோர்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த ஆண்டே ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு உரிமம் கட்டாயமாகும் சட்டம் வந்தது. ஆனால் விவசாயம், தோட்டப் பயிர், மட்டி, உணவுப் பொருள் பதனிடுதல் போன்ற துறைகளுக்கு மட்டும். ஓர் ஏஜென்சி கீரை பொதியும் ஆலைக்கு ஆள் அனுப்ப உரிமம் வேண்டும். வேலிப் பலகை அடிக்கும் முற்றத்துக்கு அனுப்ப அந்த உரிமம் தேவையில்லை.

டியூஸ்பரி மெத்தைத் தொழிற்சாலை வழக்கு இங்கே இந்த வேலையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். ஹங்கேரித் தொழிலாளர்களை வாரம் பத்து பவுண்டு அளவுக்குக் குறைந்த கூலிக்கு வைத்திருந்த உரிமையாளருக்கு 2016-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரிடம் மெத்தை வாங்கியவை நாடறிந்த பெரிய கடைகள். அவர்களின் தணிக்கைகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு துரித உணவுக் கிளையில் செக் நாட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அடிமைகளாக இருந்தது பின்னால் வெளியே வந்தது. குறைந்தது நான்கு பேரின் சம்பளம், மொத்தம் 2,15,000 பவுண்டு, ஒரே வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது. சம்பளப் பட்டியலை வங்கிக் கணக்கு எண் வரிசையில் ஒருமுறை அடுக்கிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அதைத்தான் நாங்களும் செய்ய ஆரம்பித்தோம். சம்பளப் பிரிவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள் என் மேசைக்கு வந்தார். “தம்பி, இந்த ரெண்டு பேரின்ர சம்பளமும் ஒரே எக்கவுண்டுக்குப் போகுது, பாத்தனீங்களோ?” இருவரும் ஏஜென்சி ஆட்கள், கிழக்கு ஐரோப்பியத் தம்பதி. மேற்பார்வையாளர் வழியாகக் கேட்காமல், வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து, தனித்தனியாகப் பேசினோம். வீட்டுக் கணக்கு, அவ்வளவுதான் என்றார்கள். சரி என்று விட்டோம். அடுத்த மாதம் மனைவி தன் பெயரில் வேறு கணக்கு எண் கொடுத்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. “கேக்கத் தேவையில்லை” என்றார் அக்கா.

ஆர்டர் போகும் தேதி

என்னைக் கேட்டால், படிவத்தில் வர வேண்டிய ஒரு கேள்வி வரவே இல்லை. அது எங்களை நோக்கிய கேள்வி. 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயல் அடித்தது. வைட் தீவின் நீடில்ஸ் முனையில் காற்று மணிக்கு 122 மைல் வேகம் தொட்டது. இங்கிலாந்தில் அதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். ஆறடிக்கு ஆறடி வேலிப் பலகைகள் பக்கத்து வீட்டுச் செடிகளின் மேல் கிடந்தன. தொலைபேசி ஓயவில்லை. ஆறு நாள் கழித்து ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் தொடக்கத்தில், எஃப்எஸ்சி போலவே மரத்துக்குச் சான்று தரும் பிஇஎஃப்சி அமைப்பு ரஷ்ய, பெலாரஸ் மரத்தை ‘மோதல் மரம்’ என்று அறிவித்தது, எஃப்எஸ்சியும் அந்த நாடுகளில் தன் வணிகச் சான்றிதழ்களை நிறுத்தியது. தேவை ஏறிய அதே வாரங்களில் மரத்தின் வழி அடைபட்டது.

அப்போது எங்கள் துறையில் எல்லா நிறுவனங்களும் சப்ளையர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும்: பாதி நாளில் அனுப்ப முடியுமா, பழைய விலைக்கே அனுப்ப முடியுமா. முடியும் என்று பதில் வந்தால் மகிழ்ச்சி. எப்படி முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. கூடுதல் ஆள், கூடுதல் நேரம், பெயர் தெரியாத துணை ஒப்பந்தக்காரரின் கொட்டகை, இந்த மூன்றில் ஏதோ ஒன்று நடந்தால்தான் பாதி நாளில் சரக்கு வரும். தணிக்கையாளர் ஒப்பந்தம் போட்ட ஆலையைப் பார்க்கிறார். அவசரத்தில் செய்த சரக்கு அங்கே செய்யப்பட்டதாகவே இருக்காது. கால அவகாசம், விலை, பணம் தரும் நாள் இந்த மூன்றும் கொள்முதல் மேசையில்தான் தீர்மானமாகின்றன. கொள்கை அறிக்கையை எழுதுகிறவர் வேறு மாடியில் இருக்கிறார்.

இப்போது குளிர்காலத்திலேயே திருகாணியும் கீலும் கூடுதலாக வாங்கி அடுக்கி வைக்கிறோம். பணம் முடங்குகிறது என்று முணுமுணுப்பு உண்டு. ஆலை வேலையைத் தொடங்கிய பிறகு ஆர்டரை ரத்து செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். புயல் வந்தால் வாடிக்கையாளரிடம் தாமதம் என்று சொல்லிவிடுவதும் ஒரு வழி. வேலி விழுந்த வீட்டுக்காரர் கோபப்படுவார், நாய் தெருவுக்கு ஓடிவிடும் என்பார். அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ள எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அந்த ‘ஆம்’ ஆலையோடு இன்னும் வியாபாரம் நடக்கிறது. தரகர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் செலவில் ஒரு பங்கை நாங்கள் விலையில் ஏற்றுக்கொண்டோம். ஒரு பெட்டித் திருகாணிக்கு அது சில பென்ஸ்தான், விற்பனைப் பிரிவுக்குத் தெரியக்கூட இல்லை. இப்போது பணிபுரிகிறவர்களுக்குப் பணம் தவணையாகப் போய்ச் சேர்கிறது, ரசீதுகளை எங்களுக்கு அனுப்புகிறார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களின் கணக்குத்தான் தீரவில்லை. அவர்களும் கட்டியவர்கள்தான், பலருக்குத் தொலைபேசி எண் மாறிவிட்டது. பழைய ஆட்களைத் தேட அவர்களோடு வேலை செய்தவர்களின் உதவியை ஆலை கேட்டிருக்கிறது. எத்தனை ஆண்டு பின்னால் போய்த் தேடுவது என்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. மூன்று என்கிறார்கள் அவர்கள். நாங்கள் அவர்களிடம் வாங்கத் தொடங்கியது அதற்கும் முன்னால், அதனால் அங்கிருந்து எண்ண வேண்டும் என்கிறேன் நான். அப்படி எண்ணினால் எங்கள் பங்கும் கூடும் என்று நிதிப் பிரிவு சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறது. அடுத்த விலைப் பேச்சு இலையுதிர் காலத்தில்.